ஒரு பிரேம், பல குழல்கள்: வேட்டைக்கும் இலக்குக்கும் ஏற்ற ஒற்றைத் தோட்டாக் கைத்துப்பாக்கி எது?

குழலை மாற்றிக்கொள்ளக்கூடிய ஒற்றைத் தோட்டாக் கைத்துப்பாக்கிகளை ஒப்பிட முனைபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியுடன்தான் வருகிறார்கள்: எந்தத் துப்பாக்கி அதிக வலுவுள்ள தோட்டாவைத் தாங்கும்? வேட்டைக்கு மட்டும் வாங்குபவருக்கு அந்தக் கேள்வி ஓரளவு பொருந்தலாம். ஆனால் ஆண்டு முழுவதும் இலக்குச் சுடுதலில் ஈடுபட்டு, இலையுதிர்காலத்தின் இறுதியில் சில நாள்கள் மான் வேட்டைக்குச் செல்பவர், பிரேம் (குழலும் கைப்பிடியும் பொருத்தப்படும் உடற்பகுதி) எவ்வளவு தாங்கும் என்று கேட்பதற்கு முன், அதைப் பிடிக்கும் கை ஒரு பிற்பகலில் நாற்பது முறை எவ்வளவு தாங்கும் என்று கேட்க வேண்டும். இந்த அளவுகோலின்படி பார்த்தால், 1967இல் வெளிவந்த தாம்ப்சன்/சென்டர் கன்டெண்டர், தனக்குப் பின் வந்த வலுவான துப்பாக்கிகள் பலவற்றைவிட இன்றும் பொருத்தமானது என்றே கருதுகிறேன். அதற்கான காரணங்களை இங்கே எழுதுகிறேன்.

நான் ஓஹாயோ மாநிலத்தில் வசிப்பவன். இங்கே சொல்லப்படும் சட்டங்களும் வழக்கங்களும் அமெரிக்காவுக்கு உரியவை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைக்கே இடமில்லை என்பதால், ஊரிலிருந்து படிப்பவர்கள் இதை ஓர் இயந்திரத்தைப் பற்றிய கட்டுரையாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வகைத் துப்பாக்கிகளில் தோட்டாக்கூடு கிடையாது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு தோட்டாதான். குழலின் நீளம் பொதுவாக 10 முதல் 16 அங்குலம் வரை இருக்கும். தோள்கட்டை இல்லை, கைப்பிடி மட்டுமே. ஆனால் உள்ளே செல்லும் தோட்டா பல நேரங்களில் ரைஃபிளுக்கு உரியதாகவே இருக்கும். சுழல் துப்பாக்கியிலோ தானியங்கிக் கைத்துப்பாக்கியிலோ இடம்பெறாத நீளமான தோட்டாக்களைக் கைத்துப்பாக்கியில் சுட முடிவது இதன் முதல் கவர்ச்சி. ஒரே பிரேமில் குழலை மட்டும் மாற்றி, அணில் வேட்டைக்கான .22 (0.22 அங்குல விட்டக் குண்டு) தோட்டாவிலிருந்து மான் வேட்டைக்கான தோட்டா வரை செல்ல முடிவது இரண்டாவது கவர்ச்சி.

இரண்டாவது கவர்ச்சியை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் வாரன் சென்டர் என்னும் துப்பாக்கி வடிவமைப்பாளர். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் கே. டபிள்யூ. தாம்ப்சன் டூல் என்னும் நிறுவனம் உலோக வார்ப்படத் தொழிலை நடத்திவந்தது. தன் வார்ப்படச் சாலைக்கு ஆண்டு முழுவதும் வேலை தரக்கூடிய சொந்தப் பொருள் ஒன்றை அது தேடிக்கொண்டிருந்தது. 1965இல் இருவரும் இணைந்தனர், இரண்டு ஆண்டுகளில் கன்டெண்டர் சந்தைக்கு வந்தது. ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி என்பது மலிவான, சிறுவர்களுக்கான பொருள் என்று பலரும் எண்ணியிருந்த காலம் அது. அந்த எண்ணத்தை இந்தத் துப்பாக்கி எளிதில் மாற்றிவிடவில்லை. அதற்கு ஒரு விளையாட்டு தோன்ற வேண்டியிருந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

கன்டெண்டரின் அமைப்பு எளியது. விசைக் காப்பு வளையத்தைப் பின்னோக்கி இழுத்தால் குழல் கீலில் மடிந்து முன்புறம் சாயும். தோட்டாவை அறையில் இட்டு மூடினால் பூட்டிக்கொள்ளும். பிறகு சுத்தியலைக் கையால் பின்னுக்கு இழுக்க வேண்டும். குழலை மாற்றுவதற்கு, முன்கட்டையின் திருகுகளைக் கழற்றி, அதை எடுத்துவிட்டு, கீல் ஆணியைத் தட்டி வெளியே எடுத்தால் போதும். குழல் கையோடு வந்துவிடும். வேறு குழலை வைத்து ஆணியைச் செருகினால் வேலை முடிந்தது. துப்பாக்கிப் பட்டறையோ சிறப்புக் கருவியோ தேவையில்லை.

இதில் பலரும் கவனிக்காத நுட்பம் ஒன்று உண்டு. குறிபார்க்கும் சைட்டும் ஸ்கோப்பும் குழலின் மேலேயே பொருத்தப்படுகின்றன. ஆகவே ஒரு குழலுக்கு ஒருமுறை சரிசெய்த குறி, அந்தக் குழலைக் கழற்றி மாதக்கணக்கில் அலமாரியில் வைத்திருந்து மீண்டும் மாட்டினாலும் ஏறத்தாழ அப்படியே இருக்கும். வேட்டைக்கு முன் ஓரிரு தோட்டாக்களைச் சுட்டுச் சரிபார்ப்பது கடமை என்றாலும், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டிய தொல்லை இல்லை. இதன் மறுபக்கம் செலவு: ஒவ்வொரு குழலுக்கும் தனி ஸ்கோப் தேவைப்படும். குழலைவிட ஸ்கோப்பின் விலை அதிகமாவது வாடிக்கையான ஒன்று.

இரண்டாவது நுட்பம், பிரேமில் இரண்டு அடிமுள்கள் இருப்பது. .22 போன்ற ரிம்ஃபயர் தோட்டாவுக்கு விளிம்பில் அடிக்க வேண்டும். சென்டர்ஃபயர் தோட்டாவுக்கு நடுவில் அடிக்க வேண்டும். சுத்தியலில் உள்ள தேர்வியைத் திருப்பினால் இரண்டில் ஒன்றை அது அடிக்கும். நடுநிலையில் வைத்தால் எதையும் அடிக்காது. சிறிய விவரமாகத் தோன்றும் இது, என் ஒப்பீட்டில் மிகப் பெரிய எடை பெறுகிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

குறைகளும் உண்டு. பூட்டும் தாழ் குழலின் அடியிலேயே அமைந்திருப்பதால், ஒவ்வொரு குழலும் தன் பூட்டையும் தன்னோடு கொண்டுவருகிறது. எல்லாக் குழல்களும் எல்லாப் பிரேம்களோடும் ஒரே இறுக்கத்தில் பொருந்துவதில்லை. ஒரு பிரேமில் நேர்த்தியாகச் சுடும் குழல் இன்னொன்றில் சற்றுத் தளர்ந்து, தோட்டாக்களைச் சிதறலாக இறக்கும். சில நேரங்களில் தோட்டாவின் அடியிலுள்ள தீமூட்டியான பிரைமர் வெடிக்காமலும் போகும். பழைய பிரேம்களைத் திறப்பதற்குக் கைவலு தேவை. சுத்தியலை ஏற்றிவிட்டுச் சுடாமல் மெல்ல இறக்கினால், துப்பாக்கியை ஒருமுறை திறந்து மூடாமல் மீண்டும் சுத்தியலை ஏற்ற முடியாது. மான் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த ஒலியும் அசைவும் வேட்டையை முடித்துவைக்கும். 2000களின் தொடக்கத்தில் வந்த ஜி2 கன்டெண்டர் இந்தக் கடைசி இரண்டு குறைகளையும் பெருமளவு நீக்கியது. பழைய கன்டெண்டரின் குழல்கள் ஜி2 பிரேமில் பொருந்தும், ஆனால் கைப்பிடிகள் பொருந்தாது.

இனி வலுவின் கணக்குக்கு வருவோம். கீலில் மடியும் துப்பாக்கியில், தோட்டா வெடிக்கும்போது அதன் அடிப்பகுதி பிரேமின் பின்சுவரை நோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளுவிசை பிரேமை வளைக்க முயல்கிறது. விசை எவ்வளவு என்பதை அழுத்தம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அழுத்தத்தைத் தோட்டா அடியின் பரப்பால் பெருக்க வேண்டும். அமெரிக்கத் தோட்டாத் தொழில்துறை வகுத்துள்ள உச்ச அழுத்த அளவுகளை எடுத்துக்கொண்டு, தோட்டா உறையின் வெளிவிட்டத்தைக் கொண்டு பரப்பைக் கணக்கிட்டால் சுவையான ஒரு முடிவு கிடைக்கிறது. .223 ரெமிங்டன் சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு அழுத்தம் தருகிறது, ஆனால் அதன் அடி மெல்லியது. தள்ளுவிசை ஏறத்தாழ 6,100 பவுண்டு. .30-30 வின்செஸ்டரின் அழுத்தம் 42,000, அடி சற்றுப் பெரியது, விசை 5,900. .44 மேக்னமின் அழுத்தம் 36,000, அடி மேலும் பெரியது. விசை அதே 5,900. பழம்பெரும் .45-70 வெறும் 28,000 அழுத்தத்தில் இயங்குவது, அடியோ மிகப் பெரியது, விசை 5,600. கன்டெண்டரில் புகழ்பெற்ற இந்த நான்கு தோட்டாக்களும் தோற்றத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. தள்ளுவிசையில் ஒரே கூரையின் கீழ் நிற்பவை. இதே கணக்கில் .308 வின்செஸ்டர் 62,000 அழுத்தத்தில் ஏறத்தாழ 10,800 பவுண்டு தள்ளுகிறது.

இது எளிமைப்படுத்திய கணக்கு என்பதை ஒப்புக்கொள்கிறேன். உறையின் உள்விட்டம் வெளிவிட்டத்தைவிடக் குறைவு; வெடிப்பின்போது உறைச்சுவர் அறையின் சுவரைப் பற்றிக்கொண்டு விசையில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்கிறது. ஆயினும் ஒப்பீடு என்ற அளவில் கணக்கு நிற்கிறது; .308 ஏன் கன்டெண்டருக்குள் வர முடியாது என்பதையும், அதற்காக ஏன் புதிய பிரேம் தேவைப்பட்டது என்பதையும் அது தெளிவாகக் காட்டுகிறது.

அந்தப் புதிய பிரேம்தான் 1990களின் பிற்பகுதியில் வந்த என்கோர். கன்டெண்டரைப் போலவே கீலில் மடிவது, ஆனால் பருமனானது, கனமானது; .308, .30-06 போன்ற முழு ரைஃபிள் தோட்டாக்களை 15 அங்குலக் கைத்துப்பாக்கிக் குழலில் சுடக்கூடியது. கன்டெண்டரின் குழல்கள் இதில் பொருந்தாது, இதன் குழல்கள் அதில் பொருந்தாது. பொறியியல் சாதனை என்ற வகையில் என்கோரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 24 அங்குல ரைஃபிள் குழலில் வினாடிக்கு 2,820 அடி வேகம் என்று தொழிற்சாலைப் பட்டியல் சொல்லும் .308இன் 150 கிரெயின் (ஏறத்தாழ 10 கிராம்) குண்டு, 15 அங்குலக் குழலில் 2,500ஐ ஒட்டியே நிற்கும். எரிந்து முடியாத வெடிமருந்து குழல்வாயில் பெருந்தீப்பிழம்பாகவும் செவியைப் பிளக்கும் ஓசையாகவும் வீணாகும். உதைப்பாற்றலைக் கணக்கிட்டால், ஸ்கோப்புடன் 5 பவுண்டு எடையுள்ள என்கோரில் இந்தத் தோட்டா தருவது, 4 பவுண்டு கன்டெண்டரில் 7 மி.மீ. டி.சி.யூ. என்னும் இலக்குப் போட்டித் தோட்டா தருவதைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. தோளில் வாங்க வேண்டிய உதையை மணிக்கட்டில் வாங்குபவர், சில தோட்டாக்களுக்குப் பிறகு விசையை இழுக்கும் கணத்தில் தன்னையறியாமல் கையைச் சுருக்கத் தொடங்குவார். அதன்பின் அந்தத் துப்பாக்கியின் துல்லியம் எவ்வளவு என்பது பொருளற்ற விவாதம்.

இங்கேதான் நான் முன்பு சொன்ன இரண்டு அடிமுள்கள் முக்கியமாகின்றன. என்கோரின் பிரேமில் சென்டர்ஃபயருக்கு உரிய ஒரே அடிமுள்தான். ஆகவே தொழிற்சாலை அதற்கு.22 ரிம்ஃபயர் கைத்துப்பாக்கிக் குழலைத் தரவில்லை. கன்டெண்டர் வைத்திருப்பவர் 10 அங்குல .22 குழலை மாட்டி, அதே கைப்பிடி, அதே விசை, அதே சுத்தியல் என்று வேட்டைக்குரிய துப்பாக்கியிலேயே மலிவாகவும் உதைப்பின்றியும் பழக முடியும். விசையை அழுத்தும் விரலுக்கும் குறியைப் பிடிக்கும் கண்ணுக்கும் இடையில் உருவாகும் இணக்கத்தை வேறு எந்த வழியிலும் இவ்வளவு குறைந்த செலவில் பெற முடியாது. கன்டெண்டரின் விசை இயல்பாகவே இலகுவானது, திருகால் சரிசெய்துகொள்ளக்கூடியது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான் சுட்டுப்பார்த்த என்கோர்களின் விசைகள் கனமானவை.

இலக்குச் சுடுதலில் இந்தத் துப்பாக்கிகளுக்கு உயிர் கொடுத்தது, மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்குள் வந்த இரும்பு நிழலுருப் போட்டி. கைத்துப்பாக்கிக்கான முதல் போட்டி 1975இல் அரிசோனாவின் டூசான் நகரில் நடந்தது. மறு ஆண்டில் எல்ஜின் கேட்ஸ் முன்னின்று ஐ.எச்.எம்.எஸ்.ஏ. என்னும் சங்கத்தைத் தோற்றுவித்தார். 50 மீட்டரில் கோழி, 100இல் பன்றி, 150இல் வான்கோழி, 200 மீட்டரில் செம்மறிக்கிடா என இரும்புத் தகட்டில் வெட்டப்பட்ட உருவங்கள்; அடித்தால் மட்டும் போதாது, தகடு பீடத்திலிருந்து விழ வேண்டும். ஐந்து உருவங்களுக்கு இரண்டு நிமிடம். போட்டியாளர் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, துப்பாக்கியைக் காலின் பக்கவாட்டில் சாய்த்துவைத்துச் சுடும் கிரீட்மூர் நிலை பார்ப்பதற்கு வேடிக்கையாக இருக்கும். குழல்வாய்த் தீ காலைச் சுடாமலிருக்கத் தோல்கவசம் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். எந்தத் தாங்குகோலும் இல்லாமல், தன் உடலையே தாங்கியாக்கிக்கொண்டு 200 மீட்டரில் கிடாவைச் சாய்ப்பதற்கு இதைவிட உறுதியான நிலை வேறில்லை.

கிடாவின் தகடு ஐம்பது பவுண்டைத் தாண்டும் எடை கொண்டது. அதைச் சாய்க்கப் போதுமான உந்தம் வேண்டும், நாற்பது தோட்டாக்களையும் நடுங்காமல் சுடுமளவுக்கு உதைப்பு குறைவாகவும் இருக்க வேண்டும். இந்த இரு நிபந்தனைகளுக்கும் இடையில் பிறந்த தோட்டாதான் 7 மி.மீ. டி.சி.யூ. நெவாடாவைச் சேர்ந்த வெஸ் உகால்டே, .223 உறையின் கழுத்தை விரித்து 7 மி.மீ. குண்டை ஏற்கச் செய்தார். உறை எங்கும் மலிவாகக் கிடைத்தது, வெடிமருந்து குறைவு, 14 அங்குலக் கன்டெண்டர் குழலில் துல்லியம் வியக்கத்தக்கது. பிரேமின் தாங்குவலு குறைவு என்று சொல்லப்பட்ட துப்பாக்கி போட்டிக்களங்களை ஆண்டதற்கு இந்த இணைப்பே பெருங்காரணம். .22 குழல் வைத்திருப்பவர்கள் குறைந்த தொலைவில் சிறிய உருவங்களைச் சுடும் பிரிவிலும் கலந்துகொள்ளலாம். புதியவர்கள் அங்கிருந்து தொடங்குவதே நல்லது.

வேட்டைக்கு வரும்போது, தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது பல நேரங்களில் நாம் அல்ல, மாநிலச் சட்டம். ஓஹாயோவில் கைத்துப்பாக்கியால் மான் வேட்டையாட, குழல் குறைந்தது 5 அங்குலம் இருக்க வேண்டும், தோட்டா.357 அல்லது அதற்கு மேற்பட்ட விட்டமுள்ள நேர்ச்சுவர் உறை கொண்டதாக இருக்க வேண்டும். கழுத்துக் குறுகிய 7 மி.மீ. டி.சி.யூ. இலக்குக்களத்தில் எவ்வளவு சிறந்திருந்தாலும் இங்கே காட்டுக்குள் செல்ல முடியாது. என்கோரின் பெருமைக்குரிய .308க்கும் அதே கதிதான். இந்த மாநிலத்தில் அதன் கூடுதல் வலுவால் வேட்டைக்காரருக்குப் பயன் குறைவு. வேறு மாநிலங்களில் நிலைமை வேறு. விதிகள் ஆண்டுதோறும் திருத்தப்படுகின்றன, ஆகவே உரிமம் வாங்கும்போதே அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட வேண்டும்.

இந்த வரம்புக்குள் என் கை விரும்புவது .357 மேக்சிமம். 1983இல் ரூகர் நிறுவனம் இதற்கென ஒரு சுழல் துப்பாக்கியை வெளியிட்டது. அதில் உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் பீறிட்ட சூடான வாயு, பிரேமின் மேற்பட்டையை அரிப்பதாகப் புகார் எழுந்தது. சிறிது காலத்திலேயே துப்பாக்கி சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியில் அந்த இடைவெளியே இல்லாததால், அங்கே பெயர் கெட்ட அதே தோட்டா இங்கே எந்தத் தொல்லையும் தராமல் இயங்குகிறது. மேற்சொன்ன தள்ளுவிசைக் கணக்கில் இது 4,500 பவுண்டு அளவிலேயே நிற்பதால் பிரேமுக்கும் ஓய்வு. நூறு கெஜத்துக்குள் வெள்ளைவால் மானுக்கு இது போதும். ஓஹாயோவின் மரக்காடுகளில் அதற்கு மேற்பட்ட தொலைவு தெளிவாகத் தெரிவதே அரிது. .44 மேக்னமும் நல்ல தேர்வே, உதைப்பு மட்டும் சற்றுக் கூடுதல்.

எந்த மாநிலத்தில் வேட்டையாடினாலும் குண்டின் அமைப்பைக் கவனிக்காமல் விடக்கூடாது. ரைஃபிளின் வேகத்துக்கு வடிவமைத்த குண்டு, குறுங்குழலின் குறைந்த வேகத்தில் மானின் உடலுக்குள் விரிவடையாமல் ஊசித்துளை இட்டுக்கொண்டு மறுபக்கம் வெளியேறிவிடலாம். அடிபட்ட விலங்கு நெடுந்தூரம் ஓடி வேதனையில் மடியும். இதற்காகவே ஹார்னடி போன்ற நிறுவனங்கள் ஒற்றைத் தோட்டாக் கைத்துப்பாக்கிகளுக்கென்று மெல்லிய மேலுறை கொண்ட குண்டுகளைத் தயாரித்தன. .30-30 குழலுக்கு இன்னொரு வசதியும் உண்டு. நெம்புகோல் ரைஃபிளின் குழாய்க்கூட்டில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால் கூர்நுனிக் குண்டு அங்கே ஆபத்து. முன்னுள்ள தோட்டாவின் பிரைமரை அது குத்திவிடலாம். கன்டெண்டரில் அந்தத் தடை இல்லை, காற்றைக் கிழித்துச் செல்லும் கூரிய குண்டுகளையே பயன்படுத்தலாம்.

ஸ்கோப்பைப் பற்றியும் ஒரு சொல். கையை நீட்டிப் பிடித்துச் சுடுவதால், கண்ணிலிருந்து ஓர் அடிக்கு மேல் விலகியிருந்தாலும் முழுக் காட்சி தரக்கூடிய கைத்துப்பாக்கி ஸ்கோப்தான் தேவை. ரைஃபிள் ஸ்கோப்பை மாட்டினால் எதுவும் தெரியாது, கண்ணை அருகே கொண்டுசென்றால் நெற்றி பிளக்கும். உருப்பெருக்கம் கூடக்கூடக் காட்சிவட்டம் குறுகி, கையின் நடுக்கம் பெரிதாகத் தெரியும். காட்டில் 2 மடங்கே எனக்குப் போதுமானதாக இருக்கிறது. மாறும் உருப்பெருக்கமுள்ள ஸ்கோப் என்றால் தாழ்ந்த அளவிலேயே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும்.

கன்டெண்டருக்குப் போட்டியான துப்பாக்கிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 1963இல் .221 ஃபயர்பாலுடன் வந்த ரெமிங்டன் எக்ஸ்.பி.-100, போல்ட் இயக்கம் கொண்டது. நைலான் கட்டையில் நடுவே கைப்பிடி வைத்த விநோதத் தோற்றம். விறைப்பான அந்த அமைப்பின் துல்லியத்தைக் கீலில் மடியும் எந்தத் துப்பாக்கியும் எளிதில் எட்டாது. ஆனால் அதன் குழல் திருகி இறுக்கப்பட்டது; வீட்டு மேசையில் மாற்றிக்கொள்ளும் வகையைச் சேர்ந்ததல்ல. மேக்னம் ரிசர்ச் நிறுவனத்தின் லோன் ஈகிள், பீரங்கியைப் போலச் சுழலும் பின்மூடி கொண்டது, பலமானது. அதில் தோட்டாவை மாற்ற விரும்பினால் குழலோடு இயக்கப்பகுதி முழுவதையும் வாங்க வேண்டும், மிச்சமாவது கைப்பிடி மட்டுமே. இந்த மாநிலத்திலேயே உருவான எம்.ஓ.ஏ. மேக்சிமம், செங்குத்தாக இறங்கும் பூட்டுக்கட்டை அமைப்பால் கன்டெண்டர் தாங்க முடியாத தோட்டாக்களைத் தாங்கும். அழகிய வேலைப்பாடு, சிறு எண்ணிக்கையில் செய்யப்பட்டதால் உதிரிக்குழல் தேடுவது கடினம்.

இவற்றுள் என்னை உண்மையிலேயே சபலப்படுத்துவது வயோமிங்கின் ஃப்ரீடம் ஆர்ம்ஸ் செய்த மாடல் 2008. கீலில் மடிவதுதான், குழலை மாற்றலாம். ஆனால் பொருத்தத்தின் நேர்த்தி வேறு தரத்தைச் சேர்ந்தது. அந்த நிறுவனத்தின் சுழல் துப்பாக்கிக்கு உரிய வளைந்த கைப்பிடியையே இதிலும் வைத்திருப்பதால், உதைப்பின்போது துப்பாக்கி உள்ளங்கைக்குள் மேல்நோக்கி உருள்கிறது, கட்டைவிரலின் அடிப்பகுதியை இடிப்பதில்லை. கன்டெண்டரின் கைப்பிடி வடிவத்தில் எனக்கு இருக்கும் குறையெல்லாம் இங்கே தீர்ந்திருக்கிறது. விலையைப் பார்த்ததும் சபலம் தீர்ந்துவிடுகிறது. அந்தத் தொகையில் பழைய கன்டெண்டர் ஒன்றை இரண்டு மூன்று குழல்களோடு வாங்கிவிடலாம்.

குழல் மாறும் துப்பாக்கிக்குச் சட்டச் சிக்கலும் உண்டு. கூட்டாட்சிச் சட்டத்தில் பிரேம்தான் துப்பாக்கி. குழல் வெறும் உதிரிப்பாகம். ஆனால் 1934ஆம் ஆண்டின் சட்டப்படி, தோள்கட்டை உள்ள துப்பாக்கியின் ரைஃபிள் குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தால் அது பதிவு செய்ய வேண்டிய குறுங்குழல் ரைஃபிள். கன்டெண்டரை 21 அங்குலக் குழலுடனும் தோள்கட்டையுடனும் ஒரே தொகுப்பாக விற்றபோது, இவற்றைக் கொண்டு குறுங்குழல் ரைஃபிளையும் பூட்ட முடியுமே என்று அரசு கூறி 200 டாலர் வரி கோரியது. நிறுவனம் வரியைக் கட்டிவிட்டு, அதைத் திருப்பித் தரக் கோரி வழக்குத் தொடுத்தது. 1992இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. சட்டப்படி பூட்டிப் பயன்படுத்தக்கூடிய பாகங்களை வைத்திருப்பது குற்றமாகாது. குறுங்குழலையும் தோள்கட்டையையும் சேர்த்துப் பூட்டுவதுதான் குற்றம். ஆகவே தோள்கட்டையுள்ள கார்பைனாக மாற்றுபவர்கள் முதலில் நீண்ட குழலை மாட்டி, அதன்பிறகே தோள்கட்டையைப் பொருத்த வேண்டும். திரும்ப மாற்றும்போது தோள்கட்டையை முதலில் கழற்ற வேண்டும்.

இன்று வாங்க நினைப்பவருக்குப் பழைய துப்பாக்கிச் சந்தையே பெரிதும் வழி. ஸ்மித் & வெசன் 2007இல் தாம்ப்சன்/சென்டரை வாங்கியது, பிறகு ராச்செஸ்டர் ஆலையை மூடி உற்பத்தியை மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மாற்றியது, 2021இல் அந்தப் பெயரையே விற்கப்போவதாக அறிவித்தது. 2024இல் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் ஒருவர் அதை வாங்கியிருப்பதாகச் செய்தி வந்தது. எனினும் அரை நூற்றாண்டாகக் குவிந்திருக்கும் கன்டெண்டர் குழல்கள் நாடெங்கும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன, தனிப்பட்ட குழல் தயாரிப்பாளர்களும் உள்ளனர். வாங்கும்போது குழலை மூடிய நிலையில் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும்; கீலில் ஆட்டம் தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடலாம். பலமுறை திறந்து மூடி, தாழ் ஒவ்வொரு முறையும் ஒரே ஒலியோடு முழுமையாகப் பூட்டுகிறதா என்று கவனிக்க வேண்டும். இரண்டு அடிமுள்களும் இயங்குகின்றனவா என்பதையும் சோதிக்க வேண்டும்.

முதலில் .22 குழல், பிறகு தத்தம் மாநிலச் சட்டம் அனுமதிக்கும் வேட்டைக் குழல், போட்டியில் ஆர்வம் பிறந்தால் அதன்பின் 14 அங்குல 7 மி.மீ. டி.சி.யூ. என்ற வரிசையையே பரிந்துரைப்பேன். பல விற்பனையாளர்கள் .45 கோல்ட்டையும் .410 ரவைத் தோட்டாவையும் சுடக்கூடிய குழலுடன்தான் பிரேமைத் தருவார்கள். அந்தக் குழல் விலை போவதற்குக் குறைவில்லை. குழலின் உட்பள்ளங்கள் ரவையைச் சுழற்றிச் சிதறடிக்கும் என்பதால், சுழற்சியை நிறுத்தக் குழல்வாயில் சோக் எனப்படும் தனிப்பாகம் ஒன்றை வைத்திருக்கிறார்கள்; .45 கோல்ட்டைச் சுடும்போது அதைக் கழற்றியே ஆக வேண்டும். பாம்புக்கும் பத்து கெஜத்துக்குள் பறக்கும் பறவைக்கும் அது உதவலாம். இலக்கோ மானோ நோக்கமாக இருப்பவர் அதை நல்ல விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் .22 குழலை வாங்கிக்கொள்ளலாம்.